சர்வர் மறந்துபோன கோளாறு

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ. நாலு டிஸ்க் போட்ட ஒரே ஒரு சர்வரில்தான் அவர்களுடைய மொத்தப் பிழைப்பும் இருக்கிறது. ஐப்பசியில் சாயங்காலம்தோறும் இடியும் மின்னலுமாக இருந்த ஒரு வாரத்தில், அங்கே எடிட்டிங் பார்க்கும் பையன் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு ஃபோல்டரைத் திறந்தா 'ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்'னு வருது. புளோயர் வச்சு உள்ள நல்லா ஊதிட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். இப்ப ஒண்ணும் வரல்ல."

சிரித்துவிட்டேன். அந்தச் செய்திக்கும் தூசிக்கும் சம்பந்தம் இல்லை. டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டத்தின் மெட்டாடேட்டா சிதைந்திருக்கிறது என்பதை லினக்ஸ் இயக்குதளம் அப்படித்தான் சொல்லும். ஆனால் சிரித்த நானே மறுநாள் போய் அவனைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன்.

மெட்டாடேட்டா என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் வில்லேஜ் ஆபீஸ் கணக்கைச் சொல்வேன். நிலம் அங்கேயேதான் கிடக்கும். எந்த சர்வே நம்பர் யாருடையது, எல்லை எதுவரை என்று சொல்லும் ஏட்டைக் கரையான் அரித்துவிட்டால், நிலம் இருந்தும் இல்லாத மாதிரிதான். நம் குமரி மாவட்டத்தில், தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய மலையாளப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தவர்களுக்கு இது உடனே புரியும். வீடியோவும் அப்படித்தான். படம் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புப் போயிருக்கும்.

அந்த சர்வரில் இருந்தது எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். 90-களில் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயக்குதளத்துக்காக எழுதியது, 2001-இல் லினக்ஸுக்கு வந்தது. பெரிய பெரிய ஃபைல்களுக்குப் பெயர்பெற்றது என்பதால் வீடியோ ஸ்டூடியோக்களுக்கு நானே அதைத்தான் போட்டுக் கொடுப்பேன். அதில் ஹெல்த் என்று ஒரு வசதி உண்டு: எந்தப் பகுதி பழுதாகியிருக்கிறது என்று கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) குறித்து வைத்திருக்கும், நாம் கேட்டால் சொல்லும். கேட்டேன். பழுது என்று ஒன்றும் வரவில்லை. "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று ஓனரிடம் சொல்லிவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

ஐந்தாம் நாள் அந்த ஃபோல்டருக்குரிய பெண் வீட்டார் ஆல்பம் கேட்டு வந்தார்கள். திறந்தால் அதே செய்தி.

சரி, ஹெல்த் ஏன் வாயைத் திறக்கவில்லை? அங்கே இருந்தது 5.15 கர்னல். ஹெல்த் வசதி 2019-இல் 5.2 கர்னலிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். ஸ்க்ரப் என்ற சோதனையை ஓட்டி அதில் அகப்படும் பழுதுதான் குறிப்பில் ஏறும்; அன்றாட வேலையில் ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது தட்டுப்படும் பழுது ஏறாது. இரண்டாவது இன்னும் வேடிக்கை. ஒரு ஃபைல் பழுது என்று ஸ்க்ரப் கண்டுபிடித்தால், அந்தக் குறிப்பு ராமில் இருக்கும் அந்த ஃபைலின் ஐநோடோடு, அதாவது அதன் விவரத்தாளோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் அந்த ஃபைலைத் தொடாமல் கொஞ்ச நேரம் போனால், இடம் வேண்டும் என்று கர்னல் அந்த ஐநோடை ராமிலிருந்து விட்டுவிடும். கூடவே குறிப்பும் போய்விடும். பக்கம் கிழிந்திருக்கிறது என்று கிராம அதிகாரி உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொண்டு, ஏட்டை அலமாரியில் வைத்த கையோடு கையையும் கழுவிக்கொண்ட கதை!

2024-இல் வந்த 6.9 கர்னலில் இரண்டையும் சரிசெய்தார்கள். இப்போது அன்றாடம் தட்டுப்படும் பழுதும் குறிப்பில் ஏறுகிறது. பழுதான ஐநோடை ராமிலிருந்து விடும்போது, 'இந்தக் கட்டில் ஏதோ ஒரு ஐநோடு சரியில்லை' என்று அது சேர்ந்த அலொகேஷன் குரூப்பின் (எக்ஸ்எஃப்எஸ் டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும் கட்டுகளில் ஒன்று) பேரில் எழுதிவைக்கிறது. எந்த ஐநோடு என்பது அதில் இருக்காது. ஆனாலும் அலமாரி முழுவதையும் தேட வேண்டாம், ஒரு கட்டைப் புரட்டினால் போதும். எனக்கு இது பெரிய காரியமாகத்தான் படுகிறது.

இவ்வளவு சரிசெய்தும் ஒன்று மாறவில்லை: குறிப்பு முழுவதும் ராமில்தான். ரீஸ்டார்ட் செய்தால் துடைத்துவிட்ட சிலேட்டு. லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 இந்த விஷயத்தில் கெட்டி. பிழை எத்தனை, முதலாவது எப்போது, கடைசி எப்போது என்று டிஸ்கிலேயே சூப்பர்பிளாக் என்ற தலைப்பக்கத்தில் எழுதிவைத்து, எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டும்வரை 24 மணி நேரத்துக்கு ஒருதடவை லாகில் (சர்வரின் செய்திக் குறிப்பேட்டில்) நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

என் தப்புக்கு வருகிறேன். ஹெல்த் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு குறிகள் வைத்திருக்கிறது: பார்த்தாயிற்று, பழுது. இரண்டுமே இல்லை என்றால் அந்தப் பகுதியை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். நான் அதை 'நலம்' என்று வாசித்துவிட்டேன். பழைய லாகையாவது பார்த்திருக்கலாம் என்றால், இடம் மிச்சமாகட்டும் என்று அதையும் ராமில் வைத்திருந்த மகான் நானேதான்.

மூலகாரணம் மின்வெட்டும், நாலு டிஸ்கையும் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டும். கரண்டு போனால் கார்டின் கேஷை, அதாவது தற்காலிக நினைவகத்தை, தாங்க வேண்டிய பேட்டரி செத்துப்போயிருந்தது. வேகம் குறைகிறதே என்று யாரோ அப்படியும், டிஸ்குக்குப் போகுமுன்பே எழுதியாயிற்று என்று சொல்லிவிடும் ரைட்-பேக்கைக் கட்டாயமாக ஆன் செய்து வைத்திருந்தார்கள். கரண்டு போன நொடியில், எழுதியாயிற்று என்று கார்டு கர்னலிடம் சொன்ன சில பிளாக்குகள் டிஸ்குக்குப் போய்ச் சேரவே இல்லை.

காப்பாற்றியது பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க். மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழிக்கும்படி அதை அமைத்திருந்தோம். ஆனால் அந்த ஃபோல்டரைப் படிக்க முடியாமல் பிழை வந்ததும், பேக்கப்பில் எதையும் அழிக்காமல் விட்டுவிட்டது. பிழை வந்தால் அழிக்காதே என்பதுதான் அதன் இயல்பான நடத்தை. பிழையைப் பொருட்படுத்தாதே என்னும் 'இக்னோர் எரர்ஸ்' விருப்பத்தை யாராவது போட்டிருந்தால் அந்தக் கல்யாணமும் போயிருக்கும். உங்கள் ஸ்கிரிப்டில் அது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் செய்ததெல்லாம் வழக்கமான வேலை. முதலில் டிஸ்க்குகளை முழுசாக நகலெடுத்தேன். அடுத்து எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை, எதையும் மாற்றாமல் பார்த்து மட்டும் சொல்லும் 'என்' விருப்பத்தோடு ஓட்டினேன். அது காட்டியதை வாசித்த பிறகுதான் நிஜ ரிப்பேர். எக்ஸ்எஃப்எஸ் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் உள் லாகையே துடைத்துவிடும் பெரிய 'எல்' விருப்பத்தின் பக்கம் கை போகவில்லை. வேறு வழியே இல்லாதபோதுதான் அது. இடம் தெரியாத ஃபைல்களைப் போடும் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் வெறும் நம்பர்களைப் பெயராகக் கொண்டு பதினேழு ஃபைல்கள் வந்து விழுந்தன. பையன் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, இது தாலிகட்டு, இது பந்தி என்று பெயர் வைத்தான்.

இப்போது சர்வருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. எந்தச் செய்தி வந்தாலும் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போட்டோ எடுத்து, தேதி, நேரம் போட்டு அதில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பையன் பெரிதாக எழுதி வைத்திருப்பது: 'ஊதக் கூடாது.'