பிரிட்டனை விட்டுக் கிளம்புமுன்: உறைந்துபோகும் அரசு ஓய்வூதியம்

பிரிட்டனில் உழைத்துத் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் தேசியக் காப்பீட்டுத் (National Insurance) தொகையை ஒழுங்காகக் கட்டியவர், ஓய்வுக்குப் பின் எந்த நாட்டில் குடியேறினாலும் பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தை அங்கிருந்தே பெறலாம். இதை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியவர்கள், நான்கைந்து ஆண்டுகள் கழித்துத் தொகை ஒரு பென்னிகூட ஏறவில்லையே என்று கடிதங்களுடன் வந்து நிற்கும்போது, அவர்களுக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

விதி சுருக்கமானது. 35 ஆண்டுகள் தொகை கட்டியிருந்தால் முழு ஓய்வூதியம். 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்குத் தொகை கூட்டப்படுகிறது. ஆனால் அந்த உயர்வு பிரிட்டனுக்குள்ளும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளிலும், ஸ்விட்சர்லாந்திலும், தனி ஒப்பந்தம் உள்ள சில நாடுகளிலும் வாழ்பவர்களுக்கு மட்டுமே. அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் கிடைக்கும். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் கிடைக்காது. கனடாவுடனும் நியூசிலாந்துடனும் ஒப்பந்தங்கள் உண்டு, ஆயினும் அங்கும் உயர்வு கிடையாது. ஆகவே ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஆண்டு உயர்வு உண்டா என்று நாட்டின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

2016 ஏப்ரலில் வாரம் 155.65 பவுண்ட் முழு ஓய்வூதியத்துடன் சென்னையில் குடியேறியவருக்கு இன்றும் அதே தொகைதான். அதே தொகையில் தொடங்கிப் பிரிட்டனிலேயே தங்கிய அவருடைய சக ஊழியருக்கு 2025 ஏப்ரலிலேயே அது 230.25 பவுண்டாக உயர்ந்திருந்தது. இருவரும் கட்டியது ஒரே காப்பீடு. இந்த அநீதியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த அன்னெட் கார்சன் தொடுத்த வழக்கு 2005இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையிலும், 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றது. எனவே நீதிமன்றம் கைகொடுக்கும் என்று எண்ணி யாரும் திட்டமிட வேண்டாம்.

பலர் இழக்கும் ஓர் உரிமை உண்டு. இப்படி உயர்வின்றி உறைந்த ஓய்வூதியம் பெறுபவர் பேரக்குழந்தைகளைப் பார்க்கப் பிரிட்டன் சென்றால், அங்கே தங்கும் காலத்துக்கு அன்றைய முழு விகிதத்தைக் கேட்டுப் பெறலாம். வரும் தேதியையும் திரும்பும் தேதியையும், வெளிநாட்டில் வாழ்பவர்களின் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் பிரிட்டன் அரசின் சர்வதேச ஓய்வூதிய மையத்துக்கு (International Pension Centre) நீங்களே தெரிவிக்க வேண்டும். ஊர் திரும்பியதும் தொகை பழைய நிலைக்கு இறங்கிவிடும். நிரந்தரமாகப் பிரிட்டன் திரும்பினால் முழு விகிதமும் மீண்டும் கிடைக்கும். இதைக் காரணம் காட்டி, மகன் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள், அதைக் கேட்காதீர்கள். கண்டுபிடிக்கப்பட்டால் கூடுதலாக வந்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள், அபராதமும் சேரலாம்.

ஓய்வூதியம் தானாக வந்துவிடாது, விண்ணப்பித்தால்தான் வரும். கட்டிய ஆண்டுகளின் கணக்கு வரித்துறையிடமும், பணம் கொடுக்கும் பொறுப்பு ஓய்வூதியத் துறையிடமும் இருப்பதால், ஓர் ஆண்டு விடுபட்டிருந்தாலும் இருவருக்கும் நடுவில் வெளிநாட்டிலிருந்து கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியதாகிறது. முதிய வயதில் தொலைபேசியில் காத்துக் கிடந்து நடத்தக்கூடிய போராட்டம் அன்று இது. புறப்படும் முன்பே உங்கள் காப்பீட்டுப் பதிவை முழுமையாக எடுத்துப் பார்த்து, பழைய சம்பளச் சீட்டுகளையும் ஆண்டிறுதி வரிச் சான்றுகளையும் எறியாமல் உடன் கொண்டு செல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுபட்ட ஆண்டுகளுக்குத் தொகை கட்டும் விதிகள் 2026 ஏப்ரலில் கடுமையாகியுள்ளன. அதற்கு முன் கட்டிய நண்பரின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

இதைவிட அதிகம் பேரை வதைப்பது, ஓய்வூதியம் பெறுபவர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் உயிர்வாழ் சான்றிதழ். அவ்வப்போது தபாலில் வரும் அந்தப் படிவத்தில், அதிலேயே குறிப்பிட்டுள்ள தகுதியுடைய சாட்சி ஒருவரிடம் கையொப்பம் வாங்கித் திருப்பி அனுப்பாவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். இந்திய அரசின் மின்னணு உயிர்வாழ் சான்றான ஜீவன் பிரமாண் இதற்கு உதவாது. வீடு மாறினால் அன்றே புதிய முகவரியைத் தெரிவியுங்கள். பழைய வீட்டு வாசலில் கிடக்கும் உறைக்காக யாருடைய பணமும் காத்திருக்காது. கடவுச்சீட்டில் விரிவாக உள்ள தந்தை பெயர் வங்கிக் கணக்கில் முதலெழுத்தாக மட்டும் இருந்தால், முதல் தவணை வருவதற்கு முன்பே வங்கியில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். சர்வதேச மையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் தேசியக் காப்பீட்டு எண்ணை எழுதி, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் மட்டுமே அனுப்புங்கள்.