ஜாக்கெட்: சொல் விளக்கம்

சேலம் சின்னக் கடைவீதிப் பக்கம் ஒரு தையற்கடை. என் தங்கை மகன் அங்கே கால்சட்டை தைக்கக் கொடுத்தான். பாட்டம் 13 அங்குலம், கணுக்காலில் ஒட்டி நிற்க வேண்டும். அளவெடுத்து முடிந்ததும், "அப்படியே ஒரு ஜாக்கெட்டும் தைக்க வேண்டும் அண்ணா" என்றான். "அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கிறீர்களா தம்பி? லைனிங் வைக்கலாமா?" என்று கேட்டபடி அவர் நோட்டில் பெண்கள் பக்கத்தைப் புரட்டினார். இவன் கேட்டதோ ராணுவப் பச்சையில், இடுப்போடு நிற்கிற, முன்னால் ஜிப் வைத்த மேற்சட்டை!

தமிழில் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். குட்டையாக, உடலை ஒட்டி இருப்பது என்ற வகையில் இரண்டும் ஒரே சாதி. பழைய பிரெஞ்சில் 'ழாக்' என்றொரு மேலாடை. அதன் சிறிய வடிவம் 'ழாக்கெத்'. குடியானவர்களைக் குறித்த 'ழாக்' என்ற பட்டப்பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பர். ஆங்கிலத்தில் 'ஜாக்' என்பது போர்வீரர் அணிந்த, பஞ்சு வைத்துத் தைத்த சட்டைக்கும் பெயரானது. படைவாடை அப்போதே ஏறிவிட்டது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கான தோல் ஜாக்கெட்டை நியூயார்க்கில் இர்விங் ஷாட் 1928-இல் தைத்தார். அமெரிக்க ராணுவ விமானிகளுக்கான ஏ-2 என்ற தோல் ஜாக்கெட் வந்தது 1931-இல். இரண்டும் குட்டை, ஏனென்றால் அணிகிறவர் உட்கார்ந்தே இருக்கிறார். நீண்ட விளிம்பு மடியில் சுருண்டு கிடக்கும். தோளில் கனம் கூடுவதால் கீழே ஒடுங்கிய கால்சட்டை எடுப்பாக அமைகிறது. ஆனால் மேலேயும் கீழேயும் பை பையாக வைத்துவிட்டால் இரவுக் காவலுக்குக் கிளம்பியது போல இருக்கும். மேலே ராணுவம் என்றால் கீழே வெறுமையாக விடுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் பயன் தெரியும்: அடிவாரத்தில் வியர்வை, உச்சியை நெருங்கும்போது ஜிப் கழுத்துவரை.

தமிழில் என்ன சொல்வது? மேலங்கி என்றால் தொளதொளப்பு வந்துவிடுகிறது. குப்பாயம் நல்ல பழஞ்சொல். ஆனால் என் ஓட்டு மெய்ப்பைக்கு. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் யவனர் வருகிறார்கள். குதிரைச் சாட்டையை வளைத்துச் சுற்றிய இறுக்கமான உடை. கூடவே, "மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து". உடலுக்கு ஒரு பை. 'அணிந்த' என்று புலவர் சொல்லவில்லை, 'புக்க' என்கிறார். துணியைச் சுற்றி உடுத்துகிற ஊரில், தைத்த உடைக்குள் ஆள் நுழைவதைப் பார்த்த கண் அது. தோல் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தோளை நெளிக்கிறவனைப் பாருங்கள், அவனும் புகத்தான் செய்கிறான்.

தையற்காரரிடமும் இதைச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசீதில் 'ஜென்ட்ஸ் ஜாக்கெட் 1' என்று எழுதிக் கொடுத்தார்.