கோரைப் பல்

எங்கள் வீட்டுப் பூனைக்குட்டிக்கு ஆறு மாதம் ஆகும்போது, ஒருநாள் அது கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். மேல்வாயில் ஒரே பக்கம் இரண்டு கூர்ப்பற்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. இரண்டு நாள் கழித்து அரிசிக் குருணை அளவில் ஒரு பல் பாயில் கிடந்தது. பால்பல் விழுவதற்கு முன்பே நிலைப்பல் பக்கத்தில் முளைத்துவிடுகிறது. படம் எடுத்து அனுப்பினேன். தம்பி மகள் உடனே கேட்டாள்: "பெரியப்பா, இதுக்குப் பேரு கேனைன்தானே? கேனைன்னா நாய். பூனை வாயில எப்படி நாய்ப்பல் வரும்?"

கேள்வி சரியானதுதான். லத்தீனில் 'கானிஸ்' என்றால் நாய். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கூரான பல்லை ஐரோப்பியர் முதலில் உற்றுப் பார்த்தது வீட்டு நாயின் வாய்க்குள்ளாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பெயரே மனிதனுக்கும் புலிக்கும் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, தமிழில் 'நாய்ப்பல்' என்ற மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. நம் பாடநூல்களில் இது கோரைப் பல். இலங்கைப் பாடநூல்களில் வேட்டைப் பல்.

சரி, இந்தக் 'கோரை' எது? பாய் முடையும் கோரைப்புல் இல்லை. பேய்க்கதை எழுதுகிறவர்கள் 'கோரப் பல்' என்று எழுதி, கோரமான பல் என்று பொருள் கொள்கிறார்கள். வடமொழிக் 'கோரம்' உள்ளே புகுந்த குழப்பம் அது. அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் விஷயம் தெளிகிறது. கன்னடத்தில் இந்தப் பல் 'கோரெ ஹல்லு'. தெலுங்கில் 'கோர' என்றாலே விலங்கின் நீண்ட கூர்ப்பல்தான், பன்மையில் 'கோரலு'. அதனால் கோரை என்ற சொல்லே அந்தப் பல்லைக் குறித்த பழைய சொல், 'பல்' பிறகு விளக்கமாகச் சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'கோரப் பல்' என்று எழுதுவதை விட்டுவிடலாம்.

பல்லைக் குறிக்கும் பழைய சொல் 'எயிறு' இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அழகான சொல், ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது. அகநானூற்றின் ஏழாம் பாட்டில் செவிலித்தாய் மகளிடம் "முள் எயிறு இலங்கின" என்கிறாள். அதே பாட்டில் அந்தப் பெண் அணிந்திருப்பது "புலிப்பல் கோத்த" தாலி. பெண்ணுக்கு எயிறு, புலிக்குப் பல்! பாம்பின் நச்சுப்பல்லுக்கும் புறநானூற்றில் எயிறுதான். பொதுவாகப் பல் என்ற பொருளில் வழங்கிய சொல்லைப் பிடித்து ஒரே ஒரு பல்லுக்குப் பூட்டுவானேன்?

வேட்டைப் பல் புலிக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் கேளையாடு என்கிற குரைக்கும் மான் எதையும் வேட்டையாடுவதில்லை. அதன் கடாவுக்கும் மேல்வாயில் இந்தப் பல் நீண்டு வெளியே தெரியும். காட்டுப்பன்றியின் வாய்க்கு வெளியே நீளும் தேற்றையும் இதே பல்தான். யானைத் தந்தம் மட்டும் வேறு: அது வெட்டும் பல்லின் வளர்ச்சி, கோரைப் பல் யானைக்குக் கிடையவே கிடையாது. அப்புறம், சிங்கப்பல், தெற்றுப்பல் என்று நாம் சிரிப்பில் பார்த்து ரசிப்பது பெரும்பாலும் வரிசை தவறி முளைத்த மனிதக் கோரைப் பல்லைத்தான்.

இனி பூனைப்பல்லுக்கும் நாய்ப்பல்லுக்கும் உள்ள வேறுபாடு. நாயின் கோரைப் பல்லை விரலிடுக்கில் உருட்டினால் பக்கவாட்டில் தட்டையாக இருப்பது தெரியும். புலி, சிங்கம், சிறுத்தை எல்லாவற்றுக்கும் அது ஏறக்குறைய உருண்டை. மேற்புறத்தில் நுனியை நோக்கி ஓரிரு மெல்லிய பள்ளக்கோடுகள் ஓடும். நாய்க்கு அந்தக் கோடு இல்லை. நாயினம் மாறி மாறிக் கடித்துக் கிழிக்கும். பூனையினம் ஒரே பிடியாகப் பிடித்துத் தொங்கும். பிடிபட்ட மான் எந்தப் பக்கம் உதறினாலும் பல் முறியக்கூடாது. அதற்கு உருண்டைதான் வசதி. பூனைக்குக் கோரைப் பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடமும் உண்டு. பல் அடிவரை இறங்க அந்த இடைவெளி வேண்டும். நாய்க்கு 42 பல், பூனைக்கு 30 என்ற கணக்கும் இதோடு சேர்ந்தது.

இன்று வாழும் பூனைக் குடும்பத்துக்குள் நீளத்தில் புலியே முதல். ஈறுக்கு வெளியே 6, 7 சென்டிமீட்டர் இருக்கும்; வேர் அதற்குக் குறையாத நீளத்தில் எலும்புக்குள் புதைந்திருக்கும். சிங்கம் கொஞ்சம்தான் பின்னால். ஜாகுவாரின் பல் அந்த உடம்புக்குத் தடிமனானது. அது இரையின் மண்டையோட்டையே துளைத்துவிடும். சிவிங்கிப்புலிக்குப் பல்லும் சிறிது, வேரும் சிறிது. அங்கே மிச்சமாகும் இடம் ஓடும்போது மூச்சு வாங்கும் மூக்குக்குப் போகிறது. உடம்போடு ஒப்பிட்டால் எல்லாரையும் மிஞ்சுவது மேகச் சிறுத்தை: 20 கிலோ எடைக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் பல்.

புலிப்பல் பதக்கம் என்று இன்று யாராவது காட்டினால், அது அசல் பல்லா, பிசினில் வார்த்ததா என்று தெரிய வேர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அசல் பல்லின் உள்ளே கூழ் (பல்லின் மென்திசு) இருந்த குழிவு இருக்கும்; குட்டியின் பல்லில் அகலமாகவும், வயதாக ஆகக் குறுகியும் போகும். தங்கப்பூண் கட்டி வேரை மூடிவிட்டால் அதுவும் தெரியாது, மரபணுச் சோதனைதான் வழி. அசலாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். புலியோ சிறுத்தையோ, இரண்டுமே முதல் அட்டவணையில் இருக்கின்றன.

தம்பி மகளுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "கோரைப் பல்னு எழுது, நாய் வேண்டாம்" என்றேன். குட்டியின் பால்பல் தீப்பெட்டியில் அவளுக்காக இருக்கிறது.