மூக்கால் ஒரு முட்டு

காட்பாடி ஜங்ஷனில் ரயில் வந்து நிற்கிறது. கூட்டத்தைக் கண்டாலே பதற்றம் பற்றிக்கொள்ளும் ஒருவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படபடப்பு முற்றுவதற்குள் அவருடைய நாய் முழங்காலில் மூக்கால் முட்டுகிறது. பாசத்தில் இல்லை, அதுதான் அதன் வேலை. மனநலச் சிக்கல் உள்ளவருக்குத் துணையாகப் பழக்கிய உதவி நாய் அது.

அதற்கு எப்படித் தெரிந்தது? வாசனை ஒரு வழி. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், 36 பேரை மனக்கணக்குப் போடவைத்துத் திணறடித்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வையையும் மூச்சையும் சேகரித்தார்கள். நான்கு நாய்கள் மோந்து பார்த்தன. 720 முறையில் 675 முறை பதற்ற வாசனையைச் சரியாகக் காட்டின.

இன்னொரு வழி கண். ஒருவர் நகம் கடிப்பார், இன்னொருவர் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். ஆளுக்கு ஆள் மாறுவதால், வளர்ப்பவரே பழக்குவதில் ஒரு வசதி உண்டு. வீட்டில் சும்மா நகம் கடிப்பதுபோல் நடியுங்கள். என்னவென்று கிட்டே வந்து நாய் மூக்கை வைத்த நொடியே ஒரு துண்டு கோழிக்கறி. தாமதித்தால் எதற்குக் கறி கிடைத்தது என்று அதற்குப் புரியாது. பல நாள் இப்படியே செய்தால் நகம் கடிப்பதே உத்தரவாகிவிடும். அப்புறம் உங்களை அறியாமல் கடித்தாலும் வந்து முட்டும். சூட்சுமம் இதுதான்: நீங்கள் கொடுத்ததே தெரியாத உத்தரவுக்கு அது கீழ்ப்படிகிறது.

மடியில் பாரமாகப் படுத்து அழுத்துவது, கெட்ட கனவிலிருந்து எழுப்புவது எல்லாம் இதே முறைதான். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வளர்ப்பவரே பழக்கிய நாயும் உதவி நாயாகவே கருதப்படும், சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பழக்கிய வேலை ஒன்று இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தாலே ஆறுதல் என்பது கணக்கில் வராது.

வேலூரில் பழக்குவதென்றால் முதல் எதிரி வெயில். கத்திரியில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். விடிந்தும் விடியாமலும் கோட்டைப் பக்கம் போய்விடுவது நல்லது. அடுத்து, தெருவுக்குத் தெரு ஆட்சி நடத்தும் நாய்கள். தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் ஒளிகிற நாய் இந்த வேலைக்குச் சரிவராது, செல்லமாகவே இருக்கட்டும்.

மனசு சரியில்லாத நாளில் யார் பழக்குவது? வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் தங்குவது நெடுநாள் வழக்கம். நாய்க்கும் அப்படி வீட்டார் துணை வேண்டும், ஒழுங்காக. பாட்டி சும்மா சும்மா இட்லி ஊட்டிக்கொண்டிருந்தால், முட்டியதற்குக் கிடைக்கும் கறியை நாய் ஏறெடுத்தும் பார்க்காது.