ஷட்டவுன் வந்தாலும் அக்டோபர் 15 அக்டோபர் 15தான்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள், அமெரிக்க அரசு பாதி மூடிக் கிடந்தது. வடக்கு வர்ஜீனியாவில் வரிக் கணக்குப் பார்க்கும் என்னிடம் அந்த நாட்களில் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், வரித்துறை ஐஆர்எஸ்ஸையே மூடிட்டாங்களே, வரி ரிட்டர்னை மெதுவாப் போட்டுக்கலாமா?"

கூடாது. ரிட்டர்ன் போட நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். 2013 ஷட்டவுனின்போதும் இதே தேதி குறுக்கே வந்தது, அப்போதும் தள்ளிப்போகவில்லை. இந்த முறை ஐஆர்எஸ் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் மின்னணு ரிட்டர்னை வாங்கும் கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாமதமாகத் தாக்கல் செய்தால், கட்டாத வரியில் மாதம் 5 சதவீதம் அபராதம், 25 சதவீதம் வரை ஏறும். கணினி தானாக அனுப்பும் நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிடும், அதைப் பற்றிக் கேட்கப் போன் செய்தால் ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

அடுத்த கேள்வியும் தவறாமல் வரும். "கடனைக் குறைக்கத்தானே சார் இந்தச் சண்டை எல்லாம்?" இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் 12 செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். அத்தனையும் காலத்தோடு முடிந்தது கடைசியாக 1996-ல். அதற்குப் பிறகு தற்காலிகத் தீர்மானம் போட்டுச் சில வாரம், சில மாதம் என்று வண்டியை ஓட்டுகிறார்கள். செனட்டில் பெரும்பாலும் 60 ஓட்டு தேவை என்பதால், பெரும்பான்மைக் கட்சியும் எதிர்க்கட்சியின் தயவில்லாமல் இதை நகர்த்த முடியாது. அந்தத் தீர்மானமும் தடைபட்டால் ஷட்டவுன். 2013-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேர், 2018-19-ல் எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்ட 570 கோடி டாலர், 2025-ல் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற தகராறு. இவற்றில் எது முடிந்தபோதும் நாட்டின் கடன் குறையவில்லை.

பணமும் மிச்சமாவதில்லை. வீட்டில் உட்கார்ந்த அரசு ஊழியருக்குப் பின்னால் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று 2019-ல் சட்டமே வந்துவிட்டது. 35 நாள் நீடித்த 2018-19 ஷட்டவுனில், திரும்பி வராமலே போன பொருளாதார இழப்பு 300 கோடி டாலர் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. சும்மா இருந்ததற்குச் செலவு.

2024 நிதியாண்டில் மத்திய அரசின் செலவு ஏறத்தாழ 6.75 லட்சம் கோடி டாலர். அதில் வருடாவருடம் ஓட்டெடுத்து ஒதுக்குவது சுமார் 1.8 லட்சம் கோடி. சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு, கடன் வட்டி போன்ற மீதிச் செலவுகள் பழைய சட்டங்களின்படி தானாகவே போகும். அந்த வருடப் பற்றாக்குறையும் கிட்டத்தட்ட அதே 1.8 லட்சம் கோடிதான். அதாவது ராணுவம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, தேசியப் பூங்கா என்று இவர்கள் சண்டை போடும் பகுதி முழுவதையும் ஒரு டாலர் விடாமல் வெட்டினால்தான் பற்றாக்குறை பூஜ்யத்துக்கு வரும். பழைய கடன் அப்படியே நிற்கும். வட்டிக்கு மட்டும் அந்த வருடம் சுமார் 88,000 கோடி டாலர் போனது, ராணுவச் செலவைவிட அதிகம்.

கடனைத் தொட வேண்டுமென்றால் வரியையும் அந்தத் தானாகப் போகும் செலவையும் தொட வேண்டும். 2010-ல் ஒபாமா அமைத்த இருகட்சிக் குழு இரண்டையும் தொட்டு ஒரு திட்டம் எழுதியது. 18 பேரில் 14 பேர் சம்மதம் வேண்டியிருந்தது, 11 பேர்தான் கொடுத்தார்கள். கதை முடிந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கடன் பயமுறுத்துகிறது, ஆட்சிக்கு வந்ததும் பயம் தெளிந்துவிடுகிறது. ஜனநாயகக் கட்சி 2021-ல் 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் போட்டது. குடியரசுக் கட்சி 2025 ஜூலையில் போட்ட வரிச் சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையில் 3.4 லட்சம் கோடி சேர்க்கும் என்று அதே பட்ஜெட் அலுவலகம் சொன்னது. அந்தச் சட்டத்திலேயே, அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பையும் 5 லட்சம் கோடி உயர்த்திக்கொண்டார்கள்.

இந்த உச்சவரம்பு வேறு, ஷட்டவுன் வேறு. மளிகைக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டும் ஆன பிறகு, பாக்கியைக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேசுவது மாதிரிதான் உச்சவரம்புச் சண்டை. உண்மையில் ஆபத்தானது இதுதான். 2011-ல் இந்தச் சண்டை முடிந்த சில நாட்களில் கடன் தரத்தை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் தரத்தைக் குறைத்தது. அடுத்த திங்கட்கிழமை பங்குச்சந்தை 6 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. பயந்துபோய் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் இருந்த பங்குகளை அந்த வாரமே விற்றவர்கள் உண்டு. விசித்திரம் என்னவென்றால், தரம் குறைக்கப்பட்ட அதே அரசுப் பத்திரங்களைத்தான் உலகம் ஓடிப்போய் வாங்கியது.

சரி, நம்ம ஆட்களுக்கு இது எங்கே வலிக்கிறது? இங்கே தமிழர்களில் பலர் நேரடி அரசு ஊழியர் இல்லை, ஒப்பந்த நிறுவனங்களில் ஐடி வேலை பார்ப்பவர்கள். 2019 சட்டம் சொல்லும் நிலுவைச் சம்பளம் இவர்களுக்குக் கிடையாது. வேலையை நிறுத்து என்று அரசிடமிருந்து உத்தரவு வந்தால் விடுமுறை நாட்களைத் தீர்க்கச் சொல்வார்கள், அது தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். வேலை இல்லை என்று நிறுவனம் உட்கார வைத்தால், விசாவுக்காகத் தொழிலாளர் துறையிடம் கொடுத்த எல்சிஏ விண்ணப்பத்தில் ஒப்புக்கொண்ட சம்பளத்தை அது கொடுத்தே ஆக வேண்டும். நீங்களாகச் சொந்தக் காரணத்துக்கு லீவு கேட்டால்தான் விலக்கு. அதனால்தான் சில இடங்களில் "தனிப்பட்ட காரணத்துக்காக விடுப்பு வேண்டும்" என்று உங்களையே மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். அப்படி ஒரு மின்னஞ்சலை என் வாடிக்கையாளர் ஒருவர் காட்டினார். வாசகம் முழுவதும் நிறுவனமே எழுதிக் கொடுத்தது, தேதியை மட்டும் இவர் நிரப்ப வேண்டும். அனுப்ப வேண்டாம், முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள் என்றேன். ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் சம்பளம் குறைந்து நின்றால், அடுத்த விசா நீட்டிப்பின்போது பதில் சொல்ல வேண்டியவர் அந்த வாடிக்கையாளர்தான்.

சரி, வேறு வேலைக்கு மாறிவிடலாம் என்றால் அப்போது அதற்கும் வழி இல்லாமல் போனது. தொழிலாளர் துறை மூடியதால் புதிய எல்சிஏ-வும் கிரீன் கார்டுக்கான பெர்ம் விண்ணப்பமும் அக்டோபர் முழுக்க நின்றுபோயின, மாதக் கடைசியில்தான் அந்த இணையதளம் திரும்பத் திறந்தது.

கையில் காசு இல்லையென்று 401(கே)-யை உடைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 59½ வயதுக்கு முன்னால் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. 2024 முதல், உங்கள் திட்டம் அனுமதித்தால், வருடத்தில் 1,000 டாலர் வரை அவசரத்துக்கு அபராதமில்லாமல் எடுக்கலாம், வரி மட்டும் உண்டு. மூன்று வருடத்துக்குள் திருப்பிக் கட்டிவிட்டால் அந்த வரியையும் மீட்கலாம்.

அப்புறம், கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்து வேலையில்லாக் காலத்துக்கான உதவித்தொகை வாங்கியிருந்தால், அதுவும் மத்திய அரசின் வரிக்கு உட்பட்ட வருமானம். வாங்கும்போதே டபிள்யூ-4வி படிவம் கொடுத்து வரியாக 10 சதவீதம் பிடிக்கச் சொல்லுங்கள். ஜனவரி கடைசிக்குள் அந்த உதவித்தொகைக்கான 1099-ஜி படிவம் வரும். கணக்குக் கொடுக்க வரும்போது டபிள்யூ-2-வோடு அதையும் எடுத்து வாருங்கள்.