பள்ளத்தாக்கு: இதுல "தாக்கு"ன்னா என்ன?

ஜூன் மாசம் வந்தா தேனி மாவட்டத்துல இருந்து "கம்பம் பள்ளத்தாக்கு முதல் போகத்துக்கு தண்ணீர் திறப்பு"ன்னு நியூஸ்ல வரும், கேட்டிருப்பீங்க. இதுல பள்ளம் எல்லாருக்கும் புரியுது, தாக்குன்னதும் அடிக்கிறது மோதுறதுன்னுதான் நிறைய பேருக்கு தோணுது. அது வேற தாக்கு. இங்க தாக்குன்னா நிலப்பகுதி, வயல்பரப்பு. மேட்டுல கிடக்குற நிலம் மேட்டுத்தாக்கு, தாழ்வா கிடக்குறது பள்ளத்தாக்கு, அவ்ளோதான். அதாவது இந்த சொல்லுக்குள்ளயே விவசாய நிலம் இருக்கு, வெறும் குழின்னு நினைச்சிடக்கூடாது.

சங்கத் தமிழ்ல பள்ளமான நிலத்துக்கு அவல்னு பேரு. புறநானூறு 187ல ஔவையார் "அவலா கொன்றோ மிசையா கொன்றோ"ன்னு பாடுறாங்க, அவல்னா பள்ளம், மிசைன்னா மேடு. இன்னிக்கு அவல்னு சொன்னா சாப்பிடுற அவல்தான் ஞாபகம் வரும், அதனால அந்த அர்த்தத்துல திரும்ப கொண்டு வர்றது கஷ்டம். சில பேர் அடிவாரத்தையும் பள்ளத்தாக்கையும் ஒண்ணா எழுதுறாங்க, அது சரியில்ல, அடிவாரத்துக்கு ஒரு மலை போதும், பள்ளத்தாக்குக்கு ரெண்டு பக்கமும் மலை வேணும். கம்பத்துல இருந்து மலை ஏறி குமுளி தாண்டிட்டா மலையாளத்துல இதுக்கு தாழ்வரன்னு சொல்லுவாங்க.

சொல்லுக்கு ஏத்த இடம்னா எனக்கு கம்பம்தான். மேற்க கேரளா எல்லை மலை, கிழக்க மேகமலை, நடுவுல கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு வரிசையா ஊருங்க, பச்சை வயலு, தென்னந்தோப்பு, திராட்சை பந்தல். லோயர்கேம்ப்ல தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லு. இதுக்கெல்லாம் தண்ணி எங்கிருந்துன்னா, மேற்க அரபிக்கடலுக்கு போயிட்டிருந்த பெரியாறை பென்னிகுயிக்ங்கிற வெள்ளைக்கார இன்ஜினியர் அணை கட்டி மறிச்சு, மலையைக் குடைஞ்சு சுரங்கம் வழியா கிழக்க திருப்பி விட்டாரு, 1895ல திறந்தாங்க, அந்த தண்ணிதான் இந்த வயலுக்கெல்லாம் பாஞ்சு மிச்சம் முல்லையாறா ஓடி வைகைல போய் சேருது. அதான் இங்க பிள்ளைங்களுக்கு பென்னிகுயிக்னு பேர் வைக்கிறாங்க, பாலார்பட்டில அவர் பிறந்தநாளுக்கு பொங்கலே வைக்கிறாங்க, லோயர்கேம்ப்ல மணிமண்டபமும் இருக்கு. வெளியூர்ல இருந்து வர்றவங்க சுருளி அருவி பாத்துட்டு அப்படியே கிளம்பிடாம அந்த மண்டபத்தையும் ஒரு தடவை பாக்கணும்.

ஆனா அணை வந்த பிறகுதான் இங்க ஊரே வந்துச்சுன்னு நினைக்காதீங்க. பாண்டியர் வரலாறுக்கு முக்கிய ஆதாரமான சின்னமனூர் செப்பேடு கிடைச்சது இங்கதான். கூடலூருக்கு மேல மலை உச்சில மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கு, சித்ரா பௌர்ணமிக்குத்தான் ஜனங்களை மேல விடுவாங்க. சுருளி அருவி, குச்சனூர் சனீஸ்வரன், வீரபாண்டி கௌமாரியம்மன் இதெல்லாம் சொல்லவே வேண்டாம். 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு.

இவ்வளவு இருக்குற இடத்தை இப்ப சில பேர் "கம்பம் வேலி"ன்னு எழுதுறாங்க, இங்கிலீஷ் சொல்லை அப்படியே தமிழ் எழுத்துல போட்டு. வேலின்னா தமிழ்ல ஏற்கனவே ரெண்டு அர்த்தம் இருக்கு, ஒண்ணு தோட்டத்தை சுத்தி அடைக்கிறது, இன்னொண்ணு தஞ்சாவூர் பக்கம் நில அளவு, ஒரு வேலின்னா 20 மா, ஏக்கர் கணக்குல ஆறரைக்கு மேல வரும். அப்போ கம்பம் வேலின்னு படிக்கிறவனுக்கு என்ன புரியும்? சைலன்ட் வேலியையே அமைதிப் பள்ளத்தாக்குன்னு அழகா எழுதுறோம். கம்பத்துக்கு பள்ளத்தாக்குன்னே எழுதுங்க, அந்த ஊர் விவசாயிங்க சொல்றதும் அதைத்தான்.