“நரம்பு பிடிச்சிட்டு” என்று இழுக்காதீர்கள்

போன கிழமை பதினாறு வயதுப் பிள்ளை ஒருவனைத் தாய் கூட்டி வந்தார். கதிரையில் ஒரு பக்கப் பிட்டத்தை மட்டும் வைத்து, வலது காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு இருந்தான். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு 1500 மீற்றர் பழகுகிறவன். ஓடி முடித்து எல்லோரும் மைதானத்தில் இருந்து கால் பெருவிரலைத் தொட்டிருக்கிறார்கள். இவனுக்கு எட்டவில்லை. கூட்டாளி பின்னால் வந்து முதுகில் இரண்டு கையையும் வைத்து அமத்தியிருக்கிறான்.

“டப் எண்டு ஒரு சத்தம் கேட்டிச்சு மிஸ்.”

அதற்குப் பிறகு நான்கு நாள் எண்ணெய் பூசி உருவியிருக்கிறார்கள். காலையும் பின்னேரமும் அதே காலை நீட்டி இழுத்தும் இருக்கிறான். ஏன் என்று கேட்டதற்குத் தாய்தான் பதில் சொன்னார்: “நரம்பு பிடிச்சிட்டு மிஸ். இழுத்தாத்தானே விடும்.”

காற்சட்டையை உயர்த்திப் பார்த்தேன். தொடையின் பின்புறம் நடுவிலிருந்து முழங்கால் மடிப்பு வரை கத்தரிப்பூ நிறத்தில் இரத்தம் கண்டிப்போயிருந்தது. பிட்ட எலும்புக்குக் கொஞ்சம் கீழே விரல் வைத்ததும் துடித்துவிட்டான். கிழிந்த தசையை நான்கு நாளாக உருவி, இழுத்து, மேலும் கிழித்திருக்கிறார்கள். அன்போடு செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் போட்டிக் காலத்தில் இதே கதையோடு என்னிடம் வந்த ஐந்தாவது பிள்ளை இவன். இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

முதலில் இந்த “நரம்பு” என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிற எனக்கு ஒரு நாளில் அதிகம் கேட்கிற சொல் இதுதான். கெண்டைக்காலில் வலித்தால் நரம்பு ஏறிட்டு. நாரியில் வலித்தால் நரம்பு பிசகிட்டு. தொடையில் வலித்தால் நரம்பு பிடிச்சிட்டு. நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையில் செய்தி கொண்டுபோகிற கம்பி மாதிரி. அது சுருங்காது, ஏறாது, இறங்காது. சுருங்கி விரிவது தசை. சொல் பிழையென்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. சிக்கல் என்னவென்றால், ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு சங்கதிகளைப் போட்டுவிட்டு, நான்குக்கும் “இழு, உருவு” என்று ஒரே வைத்தியத்தைச் செய்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கெண்டை திடீரென்று கல்லு மாதிரி இறுகி, கண்ணுக்குத் தெரியத் துடிக்கிறதே, அது தசைப்பிடிப்பு. அதற்கு மட்டும் இழுப்பது உடனடி மருந்து. முழங்காலை நேராக்கி, பாதத்தை முகத்தை நோக்கி மெதுவாக மடக்கிப் பிடியுங்கள். இரண்டொரு நிமிடத்தில் விட்டுவிடும்.

ஓடி அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு காலும் சேர்ந்து நோகிறது, மலசலகூடத்தில் குந்தி எழும்ப முடியவில்லை. இது பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படுகிற நுண்ணிய சேதம். 24 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சத்துக்குப் போய், தானாக அடங்கும். “லக்டிக் அசிட் தேங்கி நிக்குது, ஸ்ட்ரெச் பண்ணினா வெளியேறும்” என்று மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது சரியில்லை. ஓட்டத்தில் சேர்ந்த லக்டிக் அமிலம் ஒரு மணித்தியாலமளவில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். நாளைக்கு வருகிற நோவுக்கு அது காரணமாக முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, 2011 இல் வெளியான மீளாய்வில் நீட்சி பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சிக்குப் பிறகு நீட்டியவர்களுக்கு அடுத்த நாள் வலி, 100 புள்ளி அளவுகோலில், சராசரியாக ஒரு புள்ளியளவுதான் குறைந்திருந்தது. ஒரு புள்ளி! அதற்காகவா பிள்ளையின் முதுகில் ஏறி அமத்துகிறீர்கள்?

மூன்றாவது, கிழிசல். ஒரு கணத்தில் வரும். எந்த நொடியில் வந்ததென்று ஆள் சொல்லிவிடுவார். ஒரு காலில், ஒரு இடத்தில் இருக்கும். இழுத்தால் வலி கூடும். இதை முதல் நாட்களில் இழுக்கவே கூடாது, உருவக் கூடாது, சூடு வைக்கக் கூடாது. கடையில் ஐஸ் பக்கற் வாங்கி ஈரத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால். கிறேப் பன்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைத்துவிட்டு, காட்ட வாருங்கள். எண்ணெய்ப் போத்தல் அலுமாரியிலேயே இருக்கட்டும்.

நான்காவது எலும்பு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு விரல் நுனியளவு இடத்தில் மட்டும் குத்துகிறது, ஓட ஓடக் கூடுகிறது, பிறகு இரவிலும் நோகிறது என்றால் அது எலும்பில் விழுந்த மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்துங்கள். எந்த நீட்சியும் அதைச் சுகப்படுத்தாது.

இப்போது ஏன் இந்த அமத்துகிற பழக்கத்தைக் கண்டு எனக்குப் பதறுகிறது என்று சொல்கிறேன். பின்தொடைத் தசைகள் நாம் கதிரையில் இருக்கும்போது உடம்பைத் தாங்குகிற எலும்பிலிருந்து தொடங்குகின்றன. 14, 16 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த இடம் இன்னும் முழு எலும்பாகவில்லை. வளர்ச்சிக் குருத்தெலும்பு பதின்ம வயது முடிகிற நேரத்தில்தான், சிலருக்கு இருபது தாண்டியும்தான், ஒட்டி முடியும். அந்த வயதில் தசை அந்தக் குருத்தெலும்பைவிடப் பலமாக இருக்கும். சடாரென்று இழுத்தால் தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டு பெயர்ந்து வரலாம். இன்னொன்று, ஓடும்போது கிழிந்த பின்தொடையைவிட இப்படி இழுபட்டுக் கிழிந்தது ஆற அதிக நாள் எடுக்கிறது. வெளிப்பார்வைக்குச் சின்னக் காயம் போலத்தான் இருக்கும். பயிற்றுவிக்கிற சேர்மாரே, மிஸ்மாரே, உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: எந்தப் பிள்ளையின் உடம்பையும் இன்னொரு பிள்ளை அமத்த விடாதீர்கள். பெருவிரலைத் தொடுவது ஒரு போட்டி இல்லை. கை நீளமானவன் தொடுவான், கால் நீளமானவன் தொடமாட்டான். அவ்வளவுதான்.

அப்படியானால் ஓடியபின் நீட்டவே வேண்டாமா? நீட்டுங்கள். கிழமைக்கணக்கில் ஒழுங்காகச் செய்தால் மூட்டுகள் அசையும் தூரம் கூடும், இறுகின கெண்டை இளகும், உடம்பும் மூச்சும் அமைதிக்கு வரும். நாள் முழுக்க அலுவலகக் கதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் இருந்துவிட்டுப் பின்னேரம் ஓடுகிறவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத்தை நீட்டுவது கட்டாயம் தேவை.

ஓடி முடித்த கையோடு நிலத்தில் விழாதீர்கள். 5 முதல் 10 நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்குங்கள். சுவரில் கை வைத்து ஒரு காலைப் பின்னுக்கு வையுங்கள். இங்கேதான் பத்துக்கு எட்டுப் பேர் பிழை விடுகிறார்கள்: பின்கால் பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும், குதிக்கால் நிலத்திலிருந்து ஒரு விரல் தடிப்புக்கு எழும்பிவிடும். அப்படி நின்றால் கெண்டை இழுபடாது, வெறுமனே சுவரைத் தள்ளுகிறீர்கள். பெருவிரல் சுவரைப் பார்க்க வேண்டும், குதி நிலத்தில் ஒட்ட வேண்டும். முழங்காலை நேராக வைத்து 30 செக்கன். பிறகு அதே நிலையில் பின்முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இன்னொரு 30 செக்கன். கெண்டையில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே கிடக்கிற தசை முழங்காலை மடக்கினால்தான் நன்றாக இழுபடும். அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முன்தொடைக்கு, நின்றபடி கணுக்காலைப் பிடித்துக் குதியைப் பிட்டத்தோடு சேருங்கள். முழங்கால் பக்கவாட்டில் போகக் கூடாது, நாரி வளையக் கூடாது. இடுப்பின் முன்பக்கத்துக்கு ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னுக்குக் கொண்டு போங்கள். பின்தொடைக்கு மல்லாக்கப் படுத்து, ஒரு துவாயைப் பாதத்தில் கொளுவி, காலை உங்கள் கையாலேயே மெதுவாக உயர்த்துங்கள். எங்கே நிறுத்துவதென்று உங்கள் கைக்குத்தான் தெரியும், கூட்டாளியின் கைக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் 30 செக்கன், இரண்டு தரம். ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். சடாரென்று இழுபட்டால் தசை தன்னைக் காக்க எதிர்த்துச் சுருங்கும். மூச்சைப் பிடிக்காதீர்கள். இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

விடிய கல்லடிக் கடற்கரையில் ஓடுகிற பெரியவர்களுக்கும் ஒரு சொல். இளகின மணலில் குதி புதைந்து எழும்ப, கெண்டையும் குதிநாணும் கூடுதலாகப் பாடுபடும். அலை நனைத்த இறுகின மணலில் ஓடுங்கள். ஆனால் அது கடல் பக்கம் சரிவு. ஒரே பக்கமாகப் போகாமல், போன தூரத்தைத் திரும்பியும் ஓடுங்கள். நீட்டிப் பார்த்தும் விடாமல் ஒரு பக்கக் கெண்டை மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம், உருவாமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். கடும் வெயிலில் ஓடிய பிறகு சலம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

அந்தப் பிள்ளையை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். நல்ல காலம், எலும்பு பெயரவில்லை. இந்த வருடம் போட்டி இல்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். தாய் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த முறை வரும்போது அமத்திய கூட்டாளியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். ஏசுவதற்கில்லை. துவாயை எப்படிக் கொளுவுவதென்று அவனுக்கும் காட்ட வேண்டும், அவனும் 1500 தான் ஓடுகிறான்.